இடக்கைக்கு ஒரு சட்டை

அவள் படியேறி வருவதைப் பார்த்தாலே துணிக்கடைக்காரர் பெருமூச்சு விடுவார். வாங்காமல் போய்விடுவாள் என்று இல்லை. வாங்குவாள், ஆனால் அதற்குள் அவர் பாதிக் கடையை இறக்கி ஏற்றியிருக்க வேண்டும். துணியை உள்ளங்கையில் கசக்கி, எவ்வளவு நேரத்தில் விரிகிறது என்று பார்ப்பாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். ஓரத்தில் ஒரு நூலை உருவி விரலில் சுற்றி அறுப்பாள். எல்லாம் முடிந்த பிறகு, "வேற இருந்தா காட்டுங்கண்ணே" என்பாள்.

இருபது வருடமாகத் தன் உடுப்பைத் தானே தைத்துக்கொள்கிறவள் அவள். பிறவியிலேயே ஒரு தோள் கொஞ்சம் இறக்கம். ரெடிமேடில் எதைப் போட்டாலும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். வேலை ஜெராக்ஸ் கடையில். அதனால் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் தாள்களைக் கணினியிலிருந்து இறக்கி, அங்கேயே இருபத்து நாலு பக்கமாக அச்சடித்து, வீட்டுத் தரையில் பரப்பி ஒட்டி, தன் தோளுக்குத் தகுந்தபடி திருத்தி வெட்டிக்கொள்வாள். முதல் பக்கத்தில் அளவு சரிபார்க்க ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அது ஒரு மயிரிழை குறைந்திருந்தாலும் இருபத்து நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அச்சடிப்பாள். அப்படிப்பட்டவள் செய்த தப்பைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் புருஷனுக்கு பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கில் வேலை. அங்கே அவருக்குப் பெயர் 'நட்டு'. மெக்கானிக் எவனாவது கிரீஸ் ஒழுகும் ஒரு நட்டை ஜன்னல் வழியாக நீட்டினால், கண்ணை மூடிக்கொண்டு விரலில் ஒரு உருட்டு உருட்டி, மரை எவ்வளவு, எந்த வண்டியில் எந்த இடத்தில் இருந்து கழன்றது என்று சொல்லிவிடுவார். அந்த விரல்கள் பதினொரு மாதத்துக்கு முன்னால், ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, பிரஷ்ஷைக் கீழே போட்டன. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. கால் தேறிவிட்டது. வலக்கை தேறவில்லை. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் எப்போதும் ஒரு பஸ் தவறவிட்ட ஆள்போலத் தாமதமாக வந்தது. அவர் வேண்டிய சொல்லைத் தேடி எடுத்து வருவதற்குள் எதிரே இருக்கிறவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்.

வேலைக்குத் திரும்பலாமா கூடாதா என்று சொல்ல மூன்று டாக்டர்கள் கொண்ட குழு ஒன்று இருந்தது. அடுத்த திங்கட்கிழமைக்கு அழைப்பு வந்தது. முதுகுவலிக்காக ஏற்கெனவே அந்தக் குழுவின் முன்னால் நின்று வந்த டயர் பிரிவு ஆள், விஷயம் தெரிந்ததும் வீடு தேடி வந்தார்.

"தங்கச்சி, ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. யூனிஃபாரத்துலதான் வரச் சொல்லுவாங்க. உள்ள போனதும் சட்டையைக் கழட்டச் சொல்வாங்க. அமுக்கிப் பாப்பாங்க, தட்டிப் பாப்பாங்க, அதெல்லாம் சும்மா. அப்புறம் 'போட்டுக்குங்க'ன்னு சொல்லிட்டு ஏதோ எழுதுற மாதிரி குனிஞ்சுக்குவாங்க. அங்கதான் இருக்கு சூட்சுமம். தானாப் போட்டுக்கிறாரா, இல்லையான்னு ஓரக்கண்ணால பாக்குறாங்க."

"போட முடியலேன்னா?"

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் இவன் ஜென்மத்துக்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிக்க முடியாது."

புருஷன் இடக்கையால் டீ டம்ளரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். டயர்காரர் எழுந்து, விடைபெற்று, தெருமுனை திரும்பின பிறகு சொன்னார்: "நான்... போட்டுக்குவேன்."

சொல்வது சுலபம். பழைய யூனிஃபார்ம் சட்டையை எடுத்து அன்று மாலையே உட்கார்ந்தார்கள். விறைப்பான துணி அது. பொத்தான் நுழைகிற காஜா ஒவ்வொன்றும் இறுகிக் கிடந்தது. ஆம்பளைச் சட்டையில் பொத்தான் வலப்பக்கம், காஜா இடப்பக்கம். இடக்கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எட்டத்தில் தொங்குகிற பொத்தானைப் பிடித்தால் காஜா நழுவியது. காஜாவைப் பிடித்தால் பொத்தான் ஓடியது. கழுத்துப் பொத்தானை அவர் எந்தக் காலத்திலும் போட்டதில்லை. மிச்சம் ஆறு. கீழிருந்து ஆரம்பித்து, மூன்றாவதில் வேர்வை கொட்டியது. அவள் கை தானாக நீண்டு அந்த மூன்றாவதைப் பட்டென்று போட்டுவிட்டது. பதினொரு மாதமாகத் தினமும் காலையில் அவள்தானே போட்டுவிடுகிறாள்.

அவர் முகம் சிவந்தது. சொல் வர நேரமானது. "தொடாத" என்றார்.

அதன் பிறகு அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது மட்டும் அவள் வேலை. ஒவ்வொரு முறையும் கைவிட்ட பிறகு அவர், "எவ்வளவு?" என்று கேட்பார். அவள் சொல்வாள். பத்து நிமிஷம், மூன்று பொத்தான். பன்னிரண்டு நிமிஷம், மூன்று பொத்தான். மறுநாளும் அதேதான்.

"பொத்தானை மேல சும்மா அழகுக்குத் தெச்சுட்டு, உள்ள ஒட்டுற பட்டை வெச்சுத் தரட்டுமா? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றார். இந்தச் சொல் மட்டும் உடனே வந்தது.

அப்புறம்தான் அவள் துணிக்கடைப் படியேறினாள். யூனிஃபார்ம் நிறம் என்றால் அது ஒரு சனியன் பிடித்த நிறம். நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. அந்த நிறத்தில் வருவதெல்லாம் தகரம்போல் இருக்கும். அவளுக்கு வேண்டியது அந்த நிறத்தில் மெத்தென்ற பருத்தி. வழுவழுப்பு கூடாது, ஒற்றைக் கைக்கு நழுவும். மொடமொடப்பும் கூடாது. கடைக்காரர் துணித் தான்களை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டார். அவள் கசக்கிக் கசக்கி ஒதுக்கினாள்.

"அக்கா, யூனிஃபார்முக்குப் போயி யாராவது இப்படித் தடவிப் பாப்பாங்களா? பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு பாக்கமாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

"பொண்ணு சரியில்லைன்னா பேசிச் சமாளிச்சுக்கலாம்ணே. துணி சரியில்லைன்னா யாருகிட்ட பேசுறது?"

நாலாவது கடையில், கட் பீஸ் குவியலுக்கு அடியில் கிடைத்தது. நிறம் அச்சு அசல். கை வைத்தால் பழைய போர்வை மாதிரி இணக்கம். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "இதே தான்ல இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். மில்லே மூடிவிட்டது என்றார்கள். இருந்த துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

இனி அவள் ராஜ்ஜியம். துணியை முதலில் நனைத்துச் சுருக்கம் வாங்கினாள். ஆண்கள் சட்டைக்குப் பேட்டர்ன் அச்சடித்து அவர் அளவுக்கு வெட்டினாள். வலக்கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பதால் அந்தக் கைவளையத்தை இரண்டு விரல்கடை பெரிதாக்கினாள். பொத்தானும் காஜாவும் வருகிற முன்பக்கத்துப் பட்டி மட்டும் அந்தப் பேட்டர்னில் ஒல்லியாக இருந்தது. பெரிய பொத்தானுக்கு அகலப் பட்டி வேண்டும். தன் சட்டைக்கு எப்போதும் வைக்கும் பட்டித்தாள் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து வைத்து வெட்டினாள், சாக்பீஸால் காஜாவுக்குக் குறி போட்டாள், மெஷினில் ஏழு காஜாவும் எடுத்துக் கத்தியால் கீறினாள். பொத்தானுக்கு அடியில் தீக்குச்சி கொடுத்துத் தைத்து, பிறகு குச்சியை உருவினாள். அப்போதுதான் பொத்தான் ஒட்டிக்கொள்ளாமல் காலூன்றி நிற்கும். துணி மிச்சம் கைக்குட்டை அளவுகூட இல்லை.

வியாழக்கிழமை மாலை அவர் போட்டுப் பார்த்தார். வலக்கையை நுழைத்தார், இடக்கையை நுழைத்தார், கீழ்ப் பொத்தானைப் பிடித்தார். அவள் கைகளின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. அவள் கடிகாரத்தைப் பார்ப்பதா அவர் கையைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழித்தாள். பொத்தான் அவர் கைக்குள்ளேயே இருந்தது. கட்டைவிரல் தள்ளினால் போய்க் காஜாவில் உட்கார்ந்தது. நாலு. ஐந்து. ஆறு.

"எவ்வளவு?"

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

அவர் சிரித்தார். பதினொரு மாதத்தில் முதல்முறையாகக் கடன்வாங்காத சிரிப்பு. சிரித்தபடியே கண்ணாடி முன்னால் போய் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். சிரிப்பு போய்விட்டது.

"இது... பொம்பளைச் சட்டை."

அவள் எழுந்து கிட்டே வந்தாள். பார்த்தாள். பொத்தான் இடப்பக்கம். காஜா வலப்பக்கம். பெண்கள் சட்டைக்கு அப்படித்தான். இருபது வருடமாகத் தன் உடம்புக்கே தைத்த கை, சாக்பீஸை எடுத்ததும் தனக்குத் தெரிந்த பக்கத்தில் குறி போட்டுவிட்டது. அவளைக் கேட்கவே இல்லை. அந்தத் தப்பினால்தான் பொத்தான் அவர் இடக்கைக்கு அடக்கமாக வந்து வாய்த்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடியும் என்பார்கள். இங்கே குரங்கைப் பிடித்திருந்தாள், அது பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. ஆனால் கும்பிட வேண்டியவர் குரங்கு என்கிறார்.

"யாரு கவனிக்கப் போறாங்க? எனக்கே இப்பதான தெரிஞ்சுது."

"பணிமனையில..." என்று ஆரம்பித்து அவர் நிறுத்தினார். சொல் கிடைக்காமல் அல்ல. அவளுக்கே தெரியும். மரை மாறிய நட்டை எட்டடி தூரத்தில் கண்டுபிடிக்கிறவர்கள் நிறைந்த இடம் அது. 'நட்டு, வீட்டுக்காரம்மா சட்டையைப் போட்டுக்கிட்டு வந்திருக்கான்' என்று ஓய்வு பெறுகிற நாள்வரை ஓடும்.

"மாத்து" என்றார்.

எப்படி மாற்றுவது? கீறின காஜாவை ஒட்ட வைக்க எந்த ஊசியும் இல்லை. வேறு துணியும் இல்லை. மாற்றினால் அவருக்குப் போட வராது என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை. அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை முழுக்கப் பழைய சட்டையோடு மல்லுக்கட்டினார். பதினொரு நிமிஷம், மூன்று பொத்தான். சனிக்கிழமை ஒன்பது நிமிஷம், இரண்டு பொத்தான். எதைச் சொன்னாலும் குற்றமாகும் என்று தெரிந்த நேரத்தில் பெண்சாதிகள் பாத்திரம் தேய்ப்பார்கள். அவளும் தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"அந்தச் சட்டை... இஸ்திரி போட்டியா?"

அவள் திரும்பாமலே, "போடுறேன்" என்றாள். திரும்பினால் அழுதுவிடுவாள். அந்த ஒரு கேள்விக்கு அவர் எதையெல்லாம் விழுங்கியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அன்று மாலைக்குள் பன்னிரண்டு தடவை போட்டுக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு நிமிஷம் ஐம்பது செகண்டுக்கு வந்து நின்றது.

திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரி மாடியில் நீள நடைபாதை. சுவரோரம் பெஞ்சு, எதிரே பெரிய கடிகாரம், பச்சை பெயின்ட் அடித்த கதவு. அவர் பெயரைக் கூப்பிட்டதும் அவளும் எழுந்தாள். கதவைத் திறந்த உதவியாளர், "சார் மட்டும் வரட்டும்மா. நீங்க கவலைப்படாம உக்காருங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். வயசான மனுஷன். தலைமுடி பூராவும் வெள்ளை, முகத்தில் அவ்வளவு கனிவு. நல்ல ஆள் உள்ளே இருக்கிறார் என்று அவளுக்கு நிம்மதிகூட வந்தது.

கதவு மூடிக்கொண்டது. பழக்கதோஷம், கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். இப்போது கழற்றியிருப்பார். இப்போது அமுக்கிப் பார்ப்பார்கள். இப்போது 'போட்டுக்குங்க' என்பார்கள். கீழ்ப் பொத்தான். அடுத்தது. கட்டைவிரலை அவசரப்படுத்தாதீங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இருபது நிமிஷம் ஆயிற்று.

அவர் வெளியே வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் விடாமல் போட்டிருந்தது. அவள் பாய்ந்து எழுந்தாள்.

"போட்டுட்டீங்களா!"

சொன்ன பிறகுதான் அவர் கழுத்தைப் பார்த்தாள். கழுத்துப் பொத்தானும் போட்டிருந்தது. காலர் தொண்டையை இறுக்கிக்கொண்டு நின்றது.

அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. பின்னாலேயே அடுத்த ஆளைக் கூப்பிட வந்த உதவியாளர் அவளைப் பார்த்து முகமலர்ச்சியோடு சொன்னார்:

"ஆச்சும்மா, கூட்டிட்டுப் போங்க. பாவம், ஒத்தைக் கையில தடவிக்கிட்டு இருந்தாரு, எனக்கு மனசு கேக்கல. நானே போட்டுவிட்டுட்டேன். பட்டி வேற மாறி இருக்கா, எனக்கே கொஞ்சம் தடுமாறிப் போச்சு!"

"ஐயா, அவரே போட்டுக்குவாரு" என்றாள். "அவருக்கு வரும்யா. அதைத்தானே பாக்கணும்? டாக்டருங்க பாத்தாங்களா?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. எழுதி, மூணு பேரும் கையெழுத்துப் போட்டாச்சும்மா."

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பப் பாக்கச் சொல்லுங்கய்யா. ரெண்டு நிமிஷம்கூட ஆகாது."

உதவியாளரின் முகத்தில் மலர்ச்சி மெல்லக் குறைந்தது. "அடுத்தவரு உள்ள போகணும்மா" என்றார். பிறகு, ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் புரிந்தவராக, "நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார். அவளுக்கு அவரைத் திட்ட நா எழவில்லை. அன்று மாலை மூன்றாவது பொத்தானுக்கு அவள் கை நீண்டது எதற்காக? அதே பாவம் பார்த்துத்தான். உதவியாளர் அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அவள் கதவைத் தள்ளித் தலையை நீட்டினாள். மேஜைக்குப் பின்னாலிருந்த டாக்டர் கோபப்படக்கூட இல்லை. "முடிவு தபால்ல வரும்மா, வெளிய இருங்க" என்றார். கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் இருந்த புருஷன் பக்கத்தில் அவள் வந்து உட்கார்ந்தபோது, அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"ரெண்டு... போட்டேன். அவன் வந்தான். வேண்டாம்... வேண்டாம்னு..."

"சொன்னீங்களா?"

"வரல. வந்தப்ப... அவன் கழுத்துக்கு... வந்துட்டான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஃபாரத்துல... கட்டம் இருக்கு. 'பிறர் உதவி தேவை'. அதுல... டிக்குப் போட்டாங்க."

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று சொல்வார்கள். யாருக்கோ சொன்னது. இவருக்குக் கை எட்டிவிட்டது, அந்தப் பாழாய்ப்போன வாய்தான் எட்டவில்லை. ஒரு சொல், மூன்று எழுத்தா நாலு எழுத்தா, அது நேரத்துக்கு வந்திருந்தால் போதும். அதற்கு அவள் என்ன பேட்டர்ன் அச்சடிப்பாள்? எந்தக் கடையில் போய் எதைக் கசக்கிப் பார்ப்பாள்? அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. துணி சரியாக இருந்தது. பொத்தான் சரியாக இருந்தது. தப்பாகத் தைத்ததுகூடச் சரியாகத்தான் இருந்தது.

"வாங்க, போகலாம்" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. இடக்கையைத் தூக்கி முதலில் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. வரிசையில் உட்கார்ந்திருந்த ஆட்கள் பார்க்க, அந்த நடைபாதையில், சட்டையை முழுக்க விரித்துப் போட்டார். உள்பனியன் தெரிந்தது. சுருங்கிக் கிடந்த வலக்கை தெரிந்தது.

"ஏங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவள் கை அவர் சட்டைக்குப் போனது. பாதியில் நின்றது. கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் கீழ்ப் பொத்தானைப் பிடித்தார். கட்டைவிரல் தள்ளியது. ஒன்று. அவசரமே இல்லாமல் இரண்டு. மூன்றாவது கொஞ்சம் நழுவி, திரும்ப வந்து உட்கார்ந்தது. பெஞ்சின் மறுமுனையில் ஊன்றுகோலோடு இருந்தவர் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். நாலு. அவள் கதவைப் பார்த்தாள். இப்போது யாராவது வெளியே வந்தால் போதும். ஒரு டாக்டர், தண்ணீர் குடிக்க, காற்று வாங்க, எதற்காவது. ஐந்து. பச்சைக் கதவு பச்சைக் கதவாகவே இருந்தது. ஆறு. கழுத்துப் பொத்தானை அவர் திறந்தே விட்டார், எப்போதும்போல.

அவள் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு?"

அவள் எதிரே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். இத்தனைக்கும் நடுவில் அவள் முள்ளைக் கவனிக்கத் தவறவில்லை.

"ஒரு நிமிஷம் முப்பது" என்றாள்.